ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி

அப்பாவின் பழைய பர்ஸில் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. இரண்டுமே ஒரு வெள்ளி (டாலரை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம்), இரண்டுமே நீலம். ஒன்றில் ஆர்க்கிட் பூ. அது சிங்கப்பூர் நோட்டு. மற்றதில் மலேசியாவின் முதல் மாமன்னர். "ரெண்டையும் கலந்து கையில வச்சுக்கிட்டுதான் பசாருக்குப் போவேன். மீன்காரன் எதுன்னு திருப்பிக்கூடப் பாக்கமாட்டான்" என்பார்.

அப்போது அப்பாவுக்கு இருபது, இருபத்தொரு வயது. மலேசியாவின் தென்முனையில் ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரின் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை. இரண்டு நாடுகளும் தனித்தனியாக நோட்டு அச்சடிக்கத் தொடங்கியது 1967 ஜூன் 12 அன்று. ஆனால் புருணையையும் சேர்த்து மூன்று நாடுகளின் வெள்ளியையும் சரிக்குச் சரி மாற்றிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. 1973 மே 8 அன்று மலேசியா அதிலிருந்து விலகியது. புருணை விலகவில்லை. இன்றைக்கும் புருணை வெள்ளியைச் சிங்கப்பூர்க் கடையில் நீட்டலாம், அதே மதிப்பு. எங்களுக்கோ ஒரு சிங்கப்பூர் வெள்ளி என்றால் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் (மலேசிய வெள்ளிக்கு இப்போது அதுதான் பெயர்).

இந்த மூன்றுக்கு மேல் என்பதில்தான் எங்கள் குடும்பம் சாப்பிடுகிறது. அதனால் எனக்கு இதில் நடுநிலை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடமாகப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன். ஜொகூர் பாருவில் "பாலம்" என்றால் ஒன்றுதான்: 1923இல் முதலில் சரக்கு ரயிலும் பிறகு பயணிகள் ரயிலும் ஓடத் தொடங்கி, 1924 ஜூனில் முறைப்படி திறக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர் சொச்சக் கல்பாதை. மேற்கே துவாஸில் 1998இல் இரண்டாவது பாலம் வந்தது. அதை நாங்கள் "ரெண்டாவது" என்று மட்டும் சொல்வோம். விடிகாலை நாலே காலுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் ஐந்தரைக்குள் அந்தப் பக்கம். ஐந்து மணிக்கு எடுத்தால் எப்போது போய்ச் சேர்வோம் என்று கடவுளுக்கும் தெரியாது, குடிநுழைவுத் துறைக்கும் தெரியாது. ஏழு மணி வரைக்கும் இருட்டு வேறு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. சிங்கப்பூரும் பேசாமல் கூடவே தள்ளிவைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வேறு வேறு நேரம் என்றால் வியாபாரம் கெடும் என்பதுதான் கணக்கு. சூரியனைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்காது.

வேலை, சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் ஆவணம் பார்ப்பது. ஜொகூரில் செய்த பிளாஸ்டிக் பாகங்கள், பிஸ்கட், மரச்சாமான் எல்லாம் லாரியில் வரும். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் தடையற்ற வர்த்தகப் பகுதிக்கான ஒப்பந்தம் 1992இல் கையெழுத்தானது. 2010க்குள் பழைய ஆறு உறுப்பு நாடுகளுக்கு இடையே ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் சுங்கவரி பூஜ்யமாகிவிட்டது. ஆகவே ஒரு பெட்டி பிஸ்கட் இந்தப் பக்கம் வருவதற்கு என் மேசையில் சில நிமிட வேலைதான். அந்தத் தாளில் முத்திரை குத்தும் நான் வருவதற்கு இரண்டு மணி நேரம். இதை அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரு நாள் மழையில் நனைந்து வந்து அதே வேடிக்கையைச் சொன்னபோது எனக்கே சிரிப்பு வரவில்லை.

சரி, ஒரே மாதிரி இருந்த இரண்டு வெள்ளி எப்படி இப்படி விலகிப் போனது?

அரசியல் கதை எல்லோருக்கும் தெரியும். 1963 செப்டம்பரில் சிங்கப்பூரும் நாங்களும் ஒரே நாடாகச் சேர்ந்தோம், 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தோம். பொருளியல் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மலேசியாவை உருவாக்கிய ஒப்பந்தத்திலேயே ஒரு பொதுச்சந்தை வரும் என்று எழுதியிருந்தார்கள். உலக வங்கி அனுப்பிய ஜாக் ருவெஃப் குழுவும் அதையே பரிந்துரைத்தது. சிங்கப்பூரின் நிதியமைச்சர் கோ கெங் சுவீக்குத் தொழிற்சாலைகள் வேண்டும், அந்தத் தொழிற்சாலைகளுக்கு மலாயாவின் சந்தை வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய சீர்வரிசைப் பட்டியல் மாதிரி அது தாளிலேயே இருந்தது. இருபத்து மூன்று மாதத்தில் கல்யாணமே முறிந்துவிட்டது. அதன் பிறகு சிங்கப்பூர் பக்கத்து வீட்டை நம்பாமல் உலகத்துக்கே விற்கக் கிளம்பியது. 1967இல் பாலத்தில் கடப்பிதழ் பார்க்கத் தொடங்கினார்கள். 1981 முதல் சிங்கப்பூர் தன் வெள்ளியின் மாற்று மதிப்பையே கருவியாக வைத்து விலைவாசியை நிர்வகித்துவருகிறது. பெரும்பாலான வருடங்களில் மெல்ல மெல்ல ஏறவிடுவதுதான் வழக்கம். நாமோ 1998 நெருக்கடியில் ரிங்கிட்டை அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்து 2005இல் அவிழ்த்தோம். ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் சறுக்கல். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இதைப் பொருளாதாரம் என்று யாரும் சொல்வதில்லை. "ரேட்டு இன்னைக்கு எவ்வளவு?" அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஒரே நாடாக இருந்தபோது வராத ஒருங்கிணைப்பு பிரிந்த பிறகு தானாக வந்தது. சிங்கப்பூரில் நிலமும் கூலியும் விலையேறியதும் தொழிற்சாலைகள் ஜொகூருக்கும் இந்தோனேசியாவின் பாத்தாமுக்கும் நகர்ந்தன. 1989இல் சிங்கப்பூரின் அப்போதைய துணைப் பிரதமர் கோ சோக் தோங் அதற்கு வளர்ச்சி முக்கோணம் என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பதற்கு முன்பே குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. முக்கோணத்தில் மூன்று மூலையும் ஒரே மாதிரி இருந்திருந்தால் யாரும் எங்கேயும் நகர்ந்திருக்கமாட்டார்கள். ஒருவரிடம் பணம், ஒருவரிடம் நிலம், ஒருவரிடம் மலிவான கை. வித்தியாசம்தான் மூலதனம்.

இரவுப் பாடமாகப் பொருளியல் படித்த காலத்தில் பொருளியலாளர் சாமுவேல்சனின் ஒரு தேற்றம் எனக்குப் பிடித்திருந்தது. 1948இல் எழுதியது. சரக்கு தடையில்லாமல் போய்வந்தாலே போதும், ஆள் போகவேண்டிய அவசியம்கூட இல்லை, சில நிபந்தனைகளுக்குட்பட்டு இரண்டு நாட்டுக் கூலியும் காலப்போக்கில் சமமாகிவிடும் என்கிறது அது. விரிவுரையாளர் கரும்பலகையில் வரைந்து காட்டினார், அழகாக இருந்தது. நான் எழுந்து, "சார், அப்படியானால் பாலத்துக்கு அந்தப் பக்கம் உட்லண்ட்ஸில் ஏன் வரிசை நிற்கிறது?" என்று கேட்டேன். "நிபந்தனைகள் என்று சொன்னேனே" என்றார்.

கூலி சமமாகாததற்குச் சாட்சி முடி திருத்தும் கடை. சட்டையைக் கப்பலில் அனுப்பலாம், முடிவெட்டை அனுப்ப முடியாது. தலையைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அதனால் சட்டையின் விலை இரண்டு பக்கமும் ஏறக்குறைய நெருங்கி வரும், முடிவெட்டின் விலை நெருங்காது. சிங்கப்பூர்க்காரர்கள் வார இறுதியில் தலையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பல்லையும் கொண்டுவருகிறார்கள், காரைக் கழுவக் கொண்டுவருகிறார்கள். வாரநாள் காலையில் நாங்கள் தெற்கே, சனிக்கிழமை காலையில் அவர்கள் வடக்கே. அதே பாலம், அதே வரிசை, அதே அலுப்பு. பெட்ரோலுக்கு மட்டும் விடமாட்டார்கள்: சிங்கப்பூர்ப் பதிவெண் கார் ஊரைத் தாண்டும்போது டாங்கியில் முக்கால்வாசி இருக்கவேண்டும் என்பது 1991லிருந்து சட்டம். 1989இல் அரை டாங்கி என்று ஆரம்பித்தார்கள், போதவில்லை. மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. மானிய விலைப் பெட்ரோல் வெளிநாட்டுக் காருக்குக் கிடையாது. சுங்கவரியை எடுத்துவிட்ட பிறகு உள்நாட்டு வியாபாரத்தைக் காக்கும் பாதுகாப்புவாதம் பெட்ரோல் முள்ளில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதெல்லாம் ரசித்துச் சொல்லக்கூடிய கதைகள். என் தங்கை கதை அப்படி இல்லை.

அவள் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் தாதி. மூன்று வருடப் படிப்பு, பதினான்கு வருட அனுபவம், இரவுப்பணிப் படியெல்லாம் சேர்த்தும் மாதம் நாலாயிரம் ரிங்கிட்டைத் தொடுவதில்லை. நான் ஐந்தாம் படிவத்தோடு (பதினோராம் வகுப்பு) நிறுத்தி வேலைக்குப் போனவன். இரவுப் பாடமெல்லாம் பின்னால் வந்தது, அதையும் முடிக்கவில்லை. என் சம்பளத்தை ரிங்கிட்டில் மாற்றினால் அவளுடையதைப் போல இரண்டு மடங்கு. தீபாவளிக்குப் புதுத்துணி நான்தான் எடுக்கிறேன். அம்மாவின் கண் அறுவைக்கு நான்தான் கட்டினேன். ஆனால் அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டது, இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள். இப்படி ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நாணயம் புழங்கும் வீடுகள் ஜொகூரில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குள் யார் பேச்சு எடுபடுகிறது, யார் பேச்சு எடுபடவில்லை என்பதை எந்த வர்த்தகப் புள்ளிவிவரமும் எடுப்பதில்லை.

தாள்படி பார்த்தால் பாலத்தைக் கடக்க வேண்டியவள் அவள்தான், நான் இல்லை. 2015 முடிவில் அறிவித்த ஆசியான் பொருளாதாரச் சமூகம் திறன்பெற்ற தொழிலாளரின் நடமாட்டத்தைத்தான் பேசுகிறது. சாதாரணத் தொழிலாளியைப் பற்றி மூச்சு விடாது. தாதியருக்கென்றே 2006இல் தகுதிகளைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் ஒப்பந்தமும் போட்டார்கள். நடப்பில் தலைகீழ். அவள் போகவேண்டுமென்றால் அந்த நாட்டுத் தாதியர் மன்றத்தில் முறைப்படி பதிவு பெற்றாகவேண்டும். ஆசியான் ஒப்பந்தம் அதைத் தள்ளுபடி செய்வதில்லை. நான் போனது எந்த வட்டார ஒப்பந்தத்தின்படியும் இல்லை. சிங்கப்பூர் தன் தேவைக்குத் தானே திறந்துவைத்த வேலை அனுமதி ஜன்னல் வழியாகத்தான். என்னை வைத்திருப்பதற்கு முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்கு லெவி என்ற தீர்வை கட்டுகிறார். தேவை குறைந்தால் ஜன்னல் சாத்தப்படும், யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

"நீயும் பதிவுக்கு எழுதிப்போடேன்" என்று ஒருதரம் சொன்னேன். "எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டா இங்க ஊசி போடுறது யாருண்ணே?" என்றாள். அவள் கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம்தான். அவர்களைப் படிக்க வைத்தது மலேசிய வரிப்பணம். இதை நான் குறையாகச் சொல்ல முடியாது. நானே அந்தப் பக்கத்து ஆள்.

இன்னொன்று, ஓய்வுக்காலச் சேமிப்பு. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். எங்கள் ஊர் சேமநிதிக்குப் போட வேண்டிய முதலாளி இங்கே இல்லை. பன்னிரண்டு வருட உழைப்பின் அந்தப் பகுதி பாலத்தின் நடுவில் எங்கேயோ தண்ணீரில் விழுந்துவிட்டது. லக்சம்பர்க்கில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தினமும் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து போகிறவர்கள். அவர்கள் எந்த நாட்டில் எத்தனை வருடம் வேலை செய்தாலும் ஓய்வூதியத் தகுதிக்கு எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். எல்லைக்கோடு அழிவது என்றால் அதுதான். எங்கள் பக்கம் சுங்கவரி என்ற கோடு அழிந்தது, இந்தக் கோடு அப்படியே கிடக்கிறது.

கோடு சும்மா கிடக்கிற கோடு இல்லை. ஜான் மெக்கல்லம் என்ற பொருளியலாளர் 1988ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து 1995இல் ஒன்று காட்டினார்: தூரமும் அளவும் ஒன்றாக இருந்தாலும், கனடாவின் ஒரு மாநிலம் அமெரிக்காவின் மாநிலத்தோடு செய்வதைப் போல இருபது மடங்குக்கு மேல் தன் நாட்டின் இன்னொரு மாநிலத்தோடு வியாபாரம் செய்தது. ஒரே மொழி பேசி, ஒரே ஹாக்கி பார்க்கும் இரண்டு நாட்டுக்கு நடுவில்! பின்னால் வந்தவர்கள் அந்த எண்ணை நிறையக் குறைத்தார்கள். கோடு ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

அது என்ன செய்யும் என்பதை நான் 2020 மார்ச்சில், கொரோனா வந்தபோது பார்த்தேன். 16ஆம் தேதி இரவு மலேசியப் பிரதமர் முஹிடின் தொலைக்காட்சியில் வந்து 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்றார். மலேசியர் வெளியே போக முடியாது. 17ஆம் தேதி ஒரு பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு கிளம்பினேன். மோட்டாரை வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பஸ் நகரவில்லை, இறங்கிப் பாலத்தை நடந்தே கடந்தேன். அன்றிரவு கிராஞ்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அட்டை விரித்துப் படுத்தவர்களைப் பார்த்தேன். எனக்கு ஒரு நண்பர் வீட்டுக் கூடம் கிடைத்தது. ஒரு தொழிலாளிக்கு இரவுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுக்குச் சிங்கப்பூர் அரசாங்கம் முதலாளிகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. பதினான்கு நாளில் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இருபது மாதம் ஆனது. நடுவில் ஊருக்குப் போய்வரச் சில திட்டங்கள் வந்தன. தனிமைப்படுத்தலையும் சம்பளமில்லா விடுப்பையும் கூட்டிப் பார்த்தால் எனக்குக் கட்டவில்லை. அந்த இருபது மாதமும் லாரிகள் ஒருநாள்கூட நிற்கவில்லை. ஜொகூர் முட்டையும் கீரையும் தினமும் வந்தன. அவற்றின் ஆவணத்தில் நான் தினமும் முத்திரை குத்தினேன். எங்கள் தாமானிலிருந்து மூன்று கிலோமீட்டரில் பொட்டலம் கட்டிய கோழி உட்லண்ட்ஸ் கடையில் கிடைத்தது. நான் வீட்டுக்குப் போனது 2021 நவம்பர் 29க்குப் பிறகு, தரைவழிப் பாதை திறந்தபோதுதான்.

அந்தக் கோழிக்கும் ஒரு முறை வாசல் மூடியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2022 ஜூன் 1 அன்று மலேசியா, உள்ளூரில் விலை ஏறுகிறது என்று கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அப்போது சிங்கப்பூரின் கோழியில் மூன்றில் ஒரு பங்கு எங்களிடமிருந்து போனது. கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் முகம் வாடிப்போனது. எங்கள் பக்கத்தில் கோழிப்பண்ணைக்காரர்களின் முகம் அதைவிட வாடியது. வாங்குகிறவனையும் அல்லவா இழந்தார்கள்.

பாலத்தைப் பற்றி எழுத வந்துவிட்டுத் தண்ணீரைப் பேசாமல் போனால் எங்கள் ஊரில் விடமாட்டார்கள். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து தினம் 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்திகரித்த தண்ணீரில் கொஞ்சம் ஜொகூர் திரும்ப வாங்கிக்கொள்கிறது, ஆயிரம் கேலனுக்கு 50 காசு. 2061 வரை இதுதான். எங்கள் காப்பிக்கடைகளில் 3 காசைச் சொல்லிக் கொதிப்பவர்கள் உண்டு. மகாதீர் 2018இல் மறுபடி பிரதமரானதும் அதையே சொல்லிக் கொதித்தார். அந்தப் பக்கத்துப் பதில்: விலையை மறுபரிசீலனை செய்ய 1987இல் வாய்ப்பு இருந்தது, நீங்கள் செய்யவில்லை, சுத்திகரிக்க ஆகும் செலவுக்கும் குறைவாகத்தான் திரும்ப விற்கிறோம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு: அவ்வளவு மலிவாகத் தண்ணீர் கொடுத்த ஒப்பந்தம்தான் அந்த ஊரைக் கடல்நீரைக் குடிநீராக்கவும் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கவும் கற்றுக்கொள்ள வைத்தது. பக்கத்து வீட்டுக்காரனை ரொம்ப நம்பவேண்டியிருந்தால் யாரும் ராத்திரி தூங்கமாட்டார்கள்.

இப்போது புதிய காகிதம் ஒன்று. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். 3,500 சதுர கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூரைப் போல நாலு மடங்குக்கும் அதிகம். முதல் ஐந்து வருடத்தில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார் வேலைகள் என்பது இலக்கு. தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 5 விழுக்காடு வரி, அதுவும் 15 வருடம் வரை. அறிவுசார் பணியாளர்களுக்கு வருமான வரி 15 விழுக்காடு, பத்து வருடம். நல்லதுதான். ஆனால் வரிச்சலுகையைப் படித்துக்கொண்டே போனேன், தாதி என்ற சொல்லும் சேமநிதி என்ற சொல்லும் எங்கேயாவது வருமா என்று. சலுகை வழக்கம்போல முதலில் மூலதனத்துக்கு. ஜொகூரில் முளைத்திருக்கும் தரவு மையங்களைப் பாருங்கள்: சிங்கப்பூர் 2019 முதல் சில வருடம் புதிய மையங்களை நிறுத்திவைத்தபோது அவை பாலம் தாண்டின. நிலம் கேட்கின்றன, மின்சாரம் கேட்கின்றன, தண்ணீர் கேட்கின்றன. ஆள் அவ்வளவாகக் கேட்பதில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவே கட்டும் ரயில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நாலு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேர். 2026 இறுதியைக் குறிவைத்துக் கட்டுகிறார்கள். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், இறங்கிய இடத்தில் நேரே நடந்து போகலாம். அந்த ஒரே ஓர் ஏற்பாட்டின் மதிப்பு என்னைப் போன்றவனுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். எந்தச் சுங்கவரிக் குறைப்பும் இத்தனை வருடத்தில் எனக்கு அதைத் தந்ததில்லை.

ஆனால் ரயில் ஓடுவதற்கு முன்பே அதன் விலை எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு வாடகை இரண்டு வருடத்தில் 1,200இலிருந்து 1,900 ரிங்கிட் ஆகிவிட்டது. குடிவந்தது என்னைப் போலவே வெள்ளியில் சம்பளம் வாங்கும் ஒரு தம்பதி. முன்பு அங்கே இருந்தவர் தெருமுனையில் மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) போடுபவர், ரிங்கிட்டில் சம்பாதிப்பவர். கூலாய்ப் பக்கம் போய்விட்டார். ஐந்து நிமிட ரயிலால் நான் மிச்சம்பிடிக்கப்போகும் நேரத்தை அவர் இப்போது தினமும் சாலையில் செலவழிக்கிறார். தங்கை இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் வரும்போது வீட்டுக்காரரைப் பற்றிப் பேசமாட்டாள், என்னிடம் ரேட்டு எவ்வளவு என்று மட்டும் கேட்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் புக்கிட் சாகருக்கு அழைத்துப்போனேன், கட்டடத்தைப் பார்க்க. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 இரவு கிளம்பிய கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டி வந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஆட்சியில்தான் பாலம் கட்டப்பட்டது. அந்த இரவு அப்பா பாலத்தோரம் போய் நின்று பார்த்தவர். இப்போது தலையைத் தூக்கித் தூண்களைப் பார்த்தார், கிரேனைப் பார்த்தார்.

"மோட்டார என்ன பண்ணப்போற?" என்றார்.

நான் இல்லாத இருபது மாதமும் பேட்டரி செத்துவிடக்கூடாது என்று தினமும் காலையில் அந்த மோட்டாரை முடுக்கி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தவர் அவர்தான். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மணி நாலே கால் ஆனதும் எழுந்துவிடுவாராம்.

"வச்சுக்கலாம்பா" என்றேன்.